சிவராஜுக்காக ஒரு புகார்

தமிழரசி கல்யாணமாகி வங்காளத்தில் கார்டன் ரீச்சுக்கு வந்தபோது கொழுந்தன் சிவராஜுக்குப் பன்னிரண்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. மாமியார் இறந்த பிறகு அவனுக்குச் சோறு போட்டது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, அவன் கைஜாடைகளைக் கற்றுக்கொண்டது எல்லாம் அவள்தான். கணவர் வேலாயுதம் ரயில்வே ஊழியர். தம்பியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்.

சிவராஜுக்கு நாற்பது வயதானபோது, பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிவதாக எல்லார் போனிலும் வதந்தி பரவியது. அந்த வாரத்தில் ஒரு காலை, பக்கத்துச் சந்தில் விழுந்து அழுத ஒரு சின்னப் பெண்ணை அவன் தூக்கி நிறுத்தினான். யாரோ அவனிடம் பெயர் கேட்டார்கள். அவன் கையை அசைத்தான். அவ்வளவுதான்.

தமிழரசி ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கும்பலாக அவனை மூங்கிலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"போபா! ஓ போபா!"

ஊமை, ஊமை என்று வங்காள மொழியில் கத்திக்கொண்டே அவன்மேல் விழுந்தாள். அவள் முதுகிலும் இரண்டு அடி விழுந்தது. மூங்கிலைப் பிடித்திருந்தவன் தபன், அவர்கள் வீட்டுக் குழாயைப் பழுதுபார்க்க வருகிறவன்.

சிவராஜின் வலது கையில் மூன்று விரல்கள் நொறுங்கியிருந்தன.

மறுநாள் தபன் வாசலில் வந்து நின்றான். எப்போதும்போல அண்ணி என்றே கூப்பிட்டான்.

"பௌதி, கும்பலில் சிவராஜின் முகமே எனக்குத் தெரியவில்லை. புகார் கொடுக்காதீர்கள். தெரு அமைதியாக இருக்கட்டும்."

அவன் போனதும் வேலாயுதம் சொன்னார். "நாம இங்கதான இருந்தாகணும். விட்டுடு அரசி."

"எனக்கும் நிம்மதிதாங்க வேணும். அவனுக்கு வேணாமா?"

காவல் நிலையத்தில் தபனின் பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

பத்தே நாளில் தபன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். சந்தில் விழுந்த அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா, தான் எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். அக்கம்பக்கத்தார் அவர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். துர்கா பூஜைக்கு வருடம் தவறாமல் வீட்டுக்கு வரும் பிரசாதம் அந்த முறை வரவில்லை.

சிவராஜ் இப்போது ஜாடை செய்வதில்லை. பசியா, வலியா என்று அவன் முகத்தைப் பார்த்து அவள் யூகிக்க வேண்டியிருக்கிறது. கரக்பூரில் இருக்கும் மகளிடம் போய்விடலாம் என்கிறார் வேலாயுதம். "அவன் பொறந்த எடங்க இது" என்று மறுத்துவிட்டாள்.

மாலையில் அவன் தோளைப் பிடித்தபடி அதே சந்துக்குள் நடக்கிறாள். பாதி தூரம் போவதற்குள் அவன் உடம்பு நடுங்கத் தொடங்கிவிடும். அவளும் நின்று பார்ப்பாள். நடுக்கம் அடங்காது. திரும்பி வந்துவிடுவார்கள்.