டெலிபோனுக்குள் புகுந்த வேலி

அப்பா அமெரிக்காவில் இருந்த காலத்தில், எங்கள் வீட்டு டெலிபோனுக்குள் யாரோ உட்கார்ந்து சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். காதில் வைத்தால் டக். ஒரு மூச்சு விட்டதும் மறுபடியும் டக். பகலிலும் அப்படித்தான், ராத்திரியிலும் அப்படித்தான்.

கொண்டாப்பூர் அப்போது ஊருமில்லை, காடுமில்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகளை நம்பி அங்கொன்றும் இங்கொன்றுமாக அடுக்குமாடி வீடுகள் எழும்பியிருந்தன. திருநெல்வேலியிலிருந்து வந்த நாங்கள் அதில் ஒன்றில் குடியிருந்தோம். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் திராட்சைத் தோட்டம். இன்று அந்த இடத்தில் கண்ணாடி பதித்த கட்டடம் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஈரமண் வாசனையும் அந்த டக்கும் ஒன்றாக ஞாபகம் வரும்.

ஒரு வருஷத்துக்கு என்று சொல்லித்தான் அப்பாவைக் கம்பெனி அனுப்பியது. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மாவுக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை வராது. பால்காரர் முதல் கேஸ்காரர் வரை எல்லாரிடமும் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான்தான் பேசுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கூப்பிடுவார். ரிசீவரின் ஒரு பக்கம் அம்மாவின் காது, மறுபக்கம் என் காது. வருஷம் முடியப் போகிற சமயத்தில் அப்பா ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தார். கம்பெனி இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறதாம். நல்ல வாய்ப்பாம். அம்மா சரி என்றால் அவரும் ஒப்புக்கொண்டுவிடுவாராம். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் இப்படித்தான். முடிவை அவர்களே எடுத்துவிடுவார்கள். ஆனால் வீட்டுப் பெண்கள் வாயால் ஒரு 'சரி' வாங்காமல் வாசல் தாண்டமாட்டார்கள். வேண்டாம் என்று எந்தப் பெண்ணும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"கேக்கலயே. டக்கு டக்குனு அடிக்கி," என்றாள் அம்மா.

அப்பா தொண்டை கிழியக் கத்தினார். எனக்கு நன்றாகவே கேட்டது. அம்மாவுக்குத்தான் கேட்கவில்லை. என் படிப்பு, அப்பாவின் சமையல், அங்கே பெய்யும் பனி, எல்லாம் கேட்கும். இந்தக் கேள்வி வரும்போது மட்டும் காது அடைத்துக்கொள்ளும். அம்மாவை டாக்டரிடம் காட்ட வேண்டுமே என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

வாரக்கணக்கில் கத்திப் பார்த்த அப்பா, கடைசியில் நகரத்தின் மறுகோடியில் மல்காஜ்கிரியில் இருந்த பெரியப்பாவிடம், அம்மாவின் அக்கா புருஷனிடம், விஷயத்தைச் சொன்னார். பெரியப்பாவின் வீட்டார் பல காலமாக இந்த ஊர்க்காரர்கள்; அவர் பேச்சில் உருது கலந்துதான் வரும். அவருக்கு ரயில்வேயில் உத்தியோகம். தம்மால் சரிசெய்ய முடியாத பொருள் உலகத்தில் இல்லை என்பது அவருடைய எண்ணம். எங்கள் மிக்ஸியை அவர் சரிசெய்த பிறகுதான் நாங்கள் புது மிக்ஸி வாங்கினோம்.

ஸ்கூட்டரில் வந்து இறங்கியவரிடம் அம்மா காபி போடட்டுமா என்று கேட்டாள்.

"காபி நக்கோம்மா, வேண்டாம். மொதல்ல வேலை."

டெலிபோனைக் கழற்றினார், மாட்டினார். டக் போகவில்லை. டெலிபோன் இலாகாவை உருதுவில் திட்டினார். அப்போதும் போகவில்லை. சரி, விட்டுவிடுங்கள் அத்தான் என்று அம்மா கனிவாகச் சொன்னாள். அவர் விடுகிற ஆளா? கிரிக்கெட் கேட்பதற்காகச் சட்டைப் பையில் வைத்திருந்த டிரான்சிஸ்டரைத் திருகினார். அதிலும் அதே டக். அதைக் காதில் வைத்துக்கொண்டு அவர் படியிறங்க, நான் பின்னாலேயே ஓடினேன். தோட்டத்தை நெருங்க நெருங்கச் சத்தம் பெரிதானது. எருமைகள் புகாமலிருக்கத் தோட்டத்தைச் சுற்றி மின்வேலி போட்டிருந்தார்கள். பம்பு செட் கொட்டகையிலிருந்த ஒரு பெட்டி விட்டு விட்டு, டக் டக்கென்று, வேலிக்குள் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் டெலிபோன் கம்பி அந்த வேலியை ஒட்டியே வெகுதூரம் ஓடியது.

"ஹவ், ஆமா. இதான் திருடன்," என்றார் பெரியப்பா.

தோட்டக் காவல்காரரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்தார். ஞாயிறு காலையில் நான் வந்து சொன்னால், அப்பா பேசி முடிக்கும்வரை காவல்காரர் பெட்டியை அணைத்து வைப்பார். பெரியப்பா மாடியேறி வந்து தன் பராக்கிரமத்தை விவரித்தபோது அம்மா அப்படியா என்று மட்டும் கேட்டாள். அன்று காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள்.

அந்த ஞாயிறு நான் ஓடிப்போய்ச் சொன்னேன். பெட்டி அணைந்தது. அப்பாவின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல அத்தனை துல்லியமாக வந்தது. அவர் மறுபடியும் கேட்டார். அம்மா, பால் பொங்குகிறது என்று சொல்லி ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நான் எட்டிப் பார்த்தேன். அடுப்பே பற்றவைக்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அம்மாவைக் கூப்பிடவேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்பா போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா தடுத்தாள்.

"இன்னைக்குப் போகவேண்டாம்ட்டி. பாவம், எருமை வந்து பழத்தையெல்லாம் மேஞ்சிரும்."

அம்மாவுக்கு ஊரார் திராட்சைமேல் திடீரென்று இவ்வளவு கரிசனம். என் உத்தியோகம் ஒரே வாரத்தில் போனதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மணி அடித்தது. ரிசீவரில் டக் பழையபடி இருந்தது. அப்பா என் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார். அம்மாவின் இடுப்பு வலியை விசாரித்தார். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பிறகு, இரண்டு டக்குக்கு நடுவே, கத்தாமல், பக்கத்தில் காது வைத்திருந்த எனக்கே தேய்ந்து கேட்ட குரலில் சொன்னார்.

"நான் வந்திருதேன்."

"சரி," என்றாள் அம்மா உடனே.

அத்தனை வாரம் கத்தியும் கேட்காத காதுக்கு அது எப்படிக் கேட்டது என்று எனக்கு விளங்கவில்லை. மிக்ஸி விஷயத்தில் எப்படியோ, டெலிபோன் விஷயத்தில் பெரியப்பா கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.