பதினொரு பார்சலும் அபிராவின் பட்டியலும்

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். பிலோமினா வீட்டுக்கு. ஒரே கந்தோரில் என்னோடு இருபது வருடம் மேசைக்கு மேசை இருந்து வேலை செய்தவள். நான் ஹொலண்டில் மூன்று கிழமை நின்றுவிட்டு வந்த புதினம் கேட்க வேண்டுமாம். "கதையெல்லாம் பிறகு, முதல்ல படத்தைக் காட்டு" என்று என் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். சோபாவில் நான். சாப்பாட்டு மேசையில் நான். வேறொரு சோபாவில் நான், பக்கத்தில் யாரோ ஒரு மாமி. திரும்பவும் மேசை... இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் குழம்பு.

"ஏன்டி, நீ ஹொலண்டுக்குப் போனியா, இல்ல வெள்ளவத்தையிலயே வீடு வீடா சாப்பிடப் போனியா? காற்றாலை எங்க? வாய்க்கால் எங்க? டச்சுக்காரன் அந்தக் காலத்தில கட்டின வேதக் கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற நானே உன்னைவிட ஹொலண்டைக் கூடப் பார்த்திருக்கேன்."

காற்றாலை ஒன்றே ஒன்று பார்த்தேன். ரயில் ஜன்னலால், தூரத்தில்.

நீங்களும் என்னைப்போல கொழும்பில் வெள்ளவத்தைக்காரர் என்றால் காரணம் உங்களுக்கே தெரியும். ஒருத்தர் வெளிநாட்டுக்கு டிக்கெட் போட்டால் போதும் — எங்கள் காலி வீதிக் கடையில் தொடங்கும் செய்தி அரை நாளில் கடற்கரை வரைக்கும் போய்விடும். அடுத்த நாளே லிஃப்டில் ஏறி வருவார்கள், கையில் ஒரு பையோடு. "எங்கட தம்பி அங்கதானே இருக்கிறான். ஒரு சின்னப் பார்சல்..." சின்னப் பார்சல் என்றால் இரண்டு கிலோ வறுத்த மிளகாய்த்தூள். மேலே ஒரு பை ஒடியல் மா, காய்ந்த பனங்கிழங்கை இடித்தது. இடம் இருந்தால் பருத்தித்துறை வடை.

எனக்கு "ஏலாது" என்று சொல்ல வராது. பதினொரு பார்சல் சேர்ந்தது. என் சேலைகளில் பாதியைத் திரும்ப அலுமாரியில் வைத்தேன். கொண்டு போன மிச்சத்தில் இன்றைக்கும் தூள் வாசம் போகவில்லை.

பார்சலை எடுத்தது பிழையில்லை. ஒரு பார்சல் என்றால் ஒரு வீடு, ஒரு வீடு என்றால் ஒரு விருந்து என்று முன்கூட்டி யோசிக்காததுதான் பிழை. கொழும்பிலிருந்து சாமான் சுமந்து வந்தவளைக் கூப்பிட்டுச் சோறு போடாமல் விடுவார்களா எங்கள் சனம்?

தங்கை வசந்தி இருப்பது அங்கே டென் ஹாக் நகரத்தில். அவளுக்கு ஒரே மகள், அபிரா. பதினைந்து வயது. எனக்காக ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். தமிழில்! சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த குண்டு குண்டு எழுத்து. களைப்பாற இடைநாள் விட்டு, நாளுக்கு ஒன்றாக மொத்தம் பதினாலு. டெல்ஃப்டில் வாய்க்கால் ஓரம் நடத்தல், பேர்போன நீலப் பீங்கான் சட்டி பார்த்தல். கௌடாவில் சீஸ் சந்தை, காலையிலேயே போக வேண்டும். லெய்டன் நூதனசாலையில் பழங்காலச் சாமான் பார்த்தல். ஸ்கெவனிங்கன் கடற்கரையில் கால் நனைத்தல். ரொட்டர்டாமில் தண்ணீர் டாக்ஸி. 'மழை வந்தால்' என்று தனியாக ஒரு நிரல் வேறு. ஒவ்வொரு நாளுக்கும் மாற்றுத் திட்டம். பிள்ளை மழையை யோசித்திருக்கிறாள், மிளகாய்த்தூளை யோசிக்கவில்லை.

அவளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. காலையில் என்னைக் கூட்டிப்போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்பாள். அதே நேரம் வசந்தி குசினியிலிருந்து குரல் கொடுப்பாள். "அக்கா, இண்டைக்கு ரொட்டர்டாம். குணம் அண்ணை வீடு. போகாட்டிக் கோவிப்பினம்."

அப்படித்தான் நான் ரொட்டர்டாம் பார்த்தேன். நாலாம் மாடி, தோல் சோபா, இறால் பொரியல். லெய்டனில் ஒடியல் கூழ். டெல்ஃப்டில் சட்டி பார்த்தது உண்மைதான். நண்டுக் குழம்புச் சட்டி.

அபிரா ஃபிரிட்ஜடிக்குப் போவாள். அடிமட்டத்தை வைத்து அன்றைய வரியின் மேல் நேராகக் கோடு போடுவாள். "பரவாயில்லை பெரியம்மா, நாளைக்குப் பாப்பம்." எனக்குப் பாவமாகத்தான் இருக்கும். பிறகு இறாலைக் கண்டதும் மறந்துவிடுவேன். என்னை நானே திட்டாமல் வேறு யாரைத் திட்ட?

மூன்றாவது கிழமை, வெள்ளிக்கிழமை பின்னேரம். பத்து வீடு முடிந்துவிட்டது. மிச்சம் ஒரேயொரு பார்சல், சனிக்கிழமை மதியம் ராசமணி அக்கா வீடு. திங்கள் எனக்குப் பயணம். வசந்தி ஒரு வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஆருக்கடி இது?"

"அபிராக்கு. நாளைக்குப் பார்க்கில ஏதோ பாண்ட் வாசிக்கினமாம், இவளும் கிளாரினெட் வாசிக்கிறாள். வெள்ளைச் சட்டை கேட்டதாலதான் எனக்கே தெரிய வந்தது. நாங்கள் ராசமணி அக்கா வீட்ட போயிடுவம்தானே. அவள் தனியப் போவாள்."

நான் எழும்பி ஃபிரிட்ஜடிக்குப் போனேன். சனிக்கிழமை வரியைத் தேடினேன். 'பார்க்கில் இசை. பிற்பகல் மூன்று மணி. இலவசம்.' யார் வாசிக்கிறார்கள் என்று ஒரு சொல் இல்லை. எத்தனை நாள் இந்தத் தாளைக் கடந்து போய்த் தண்ணீர் குடித்திருக்கிறேன்? எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஆனால் ராசமணி அக்காவை என்ன செய்வது? வசந்தியின் கணவருக்குப் பெரியப்பா மகள். ஒரு கலியாண வீட்டில் இரண்டாம் பந்தியில் இருத்தியதற்காக நாலு வருடம் கதைக்காமல் விட்டவர். வசந்தி "வேண்டாமக்கா, வேண்டாமக்கா" என்று கையைப் பிடிக்கப் பிடிக்க, ஃபோனை எடுத்தேன்.

"அக்கா, நாளைக்கு உங்கட வீட்ட வரேலாமல் கிடக்கு."

அவர் மெதுவாக, "நான் ஆட்டிறைச்சி வாங்கிப்போட்டன்."

"அதைச் சமைச்சுப் பார்க்குக்குக் கொண்டு வாங்கோ. எங்கட அபிரா அங்க வாசிக்கிறாள்."

"பார்க்குக்கோ? ஆட்டிறைச்சிக் கறியோ?"

"ஓம். பார்சலும் அங்கதான் தருவன்."

வசந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வறுத்த தூளோ?" என்றார் ராசமணி அக்கா.

"ரெண்டு கிலோ."

"எத்தினை மணிக்கு வர?"

வந்தார். துவாய் சுற்றிய பானை அவர் கையில், ரைஸ் குக்கர் கணவர் கையில். புல்லில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இருபத்தேழு வருஷமா இதால ட்ராமில போறனான். உள்ள வந்தது இண்டைக்குத்தான்" என்றார். மரமும் குளமும் வெயிலும், பாய் விரித்துப் படுத்திருக்கும் வெள்ளைக்காரர்களும்... பார்க்க நல்லாகத்தான் இருந்தது.

மேடையில் முப்பது பிள்ளைகள். அபிரா இரண்டாம் வரிசையில், நாங்கள் வருவது தெரியாமல். தாளைப் பார்த்தே வாசித்தாள், கூட்டத்தின் பக்கம் கண்ணைத் திருப்பவேயில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் ஒருமுறை தலையை நிமிர்த்தினாள். எங்களைக் கண்டாள். உடனே பிசகினாள்! பக்கத்துப் பெடியன் திரும்பிப் பார்த்தான். எனக்கு மேலைத்தேய சங்கீதம் ஒன்றும் விளங்காது, ஆனால் அந்த இடத்தில் அழுதுவிட்டேன்.

ராசமணி அக்கா பக்கத்திலிருந்த டச்சுக்கார அம்மாவைத் தட்டி, மேடையைக் காட்டி ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "எங்கட பிள்ளை எண்டு சொன்னனான். வேற என்ன சொல்ல" என்றார். முடிந்ததும் பாண்ட் பிள்ளைகளுக்கெல்லாம் ஆட்டிறைச்சி பரிமாறினார். மூக்கால் தண்ணீர் ஓட ஓட இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

திரும்பி வரும்போது ட்ராமில் அபிரா என் பக்கத்தில் இருந்தாள், கிளாரினெட் பெட்டி மடியில்.

"நீதான் வாசிக்கிறாய் எண்டு ஏனடி எங்களுக்கு முதலே சொல்லேல்லை?"

கொஞ்சம் யோசித்தாள். "சொல்லியும் நீங்க வராட்டி எனக்கு நோகும் பெரியம்மா. லிஸ்ட்டில போட்டா... வராட்டி லிஸ்ட்டில ஒண்டு குறையும். அவ்வளவுதான்."

"அப்ப சீஸ் சந்தை, தண்ணி டாக்ஸி எல்லாம்?"

"அது சும்மா. ஒண்டை மட்டும் எழுதினா உங்களுக்கு விளங்கிடும்தானே."

முன் சீட்டில் இருந்த வசந்தி திரும்பவில்லை. கைலேஞ்சியை எடுத்துக் கண்ணை மட்டும் துடைத்தாள்.

ஒன்றுக்குக் கூப்பிட ஒரு பிள்ளை பதின்மூன்றைச் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் நாங்கள் அவ்வளவு பிஸி... சாப்பிடுவதில்.