ஐம்பத்தைந்து கிலோவுக்குள்

அந்தக் கோடை விடுமுறைக்கு ஊர் வரும்போது பையில் ஒரு கேலிப்பர் இருந்தது. நான் படிக்கும் உடற்கல்விக் கல்லூரி ஆய்வகத்தில் கெஞ்சி வாங்கியது. தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, அந்த மடிப்பை இதன் வாய்க்குள் கொடுத்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று முள் காட்டும். நாலு இடத்தில் அளந்து கணக்குப் போட்டால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போவதற்குள் மூன்று பேரைக் கிள்ளியிருந்தேன்.

உண்மையில் அது தேவைப்பட்டது அத்தானுக்குத்தான். அக்காவின் புருஷன், அதே ஊர். கோவில்பட்டியில் பருத்திக் குடோனில் லோடு மேன். லோடு இல்லாத நாளில் ஊர்க் கபடி டீமில் பாடிப் போகிறவர். புதூர்ப் பக்கம் ஐம்பத்தைந்து கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு போட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்க ஒரு மில்லிலிருந்து ஆள் வருகிறார், இரண்டு பேரைத் தங்கள் டீமுக்கு எடுத்து வேலையும் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. அத்தானுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மூட்டைக்கு அடியிலிருந்து வெளியே வர அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. குடோன் தராசில் ஏறிப் பார்த்தார். ஐம்பத்தெட்டு. போட்டிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

"மாப்ள, மூணு கிலோ. எங்கன இருந்து எடுக்கலாம்னு ஒன் மெஷின வச்சுச் சொல்லு" என்றார்.

முதலில் டேப். கழுத்து, இடுப்பு, உயரம் மூன்றையும் போட்டால் கொழுப்பைச் சொல்கிற சூத்திரம் ஒன்று உண்டு. அரைஞாண் கயிற்றையும் அதில் கோத்திருந்த வெள்ளித் தாயத்தையும் கீழே தள்ளிவிட்டு, தொப்புளுக்கு நேராகச் சுற்றினேன். வந்த விடையைப் பார்த்து மறுபடி போட்டேன். அதேதான் வந்தது. அவ்வளவு குறைந்த கொழுப்போடு மனுஷன் நடமாடவே முடியாது.

"என்னல முழிக்க? நான் உசிரோட இருக்கேனா இல்லியா?"

"கணக்குப்படி இல்ல அத்தான்."

கழுத்துதான் காரணம். கழுத்து தடிக்கத் தடிக்க அந்தச் சூத்திரம் கொழுப்பைக் குறைத்துக் காட்டும். வருஷக்கணக்காகப் பிடரியில் மூட்டை ஏற்றிய கழுத்து எப்படி இருக்கும் என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அடுத்து கேலிப்பரை எடுத்தேன். கையின் பின்பக்கம், தோள்பட்டைக்குக் கீழே, வயிறு, தொடை. கிள்ளினால் தோல்தான் வந்தது. மொத்தக் கொழுப்பே நாலரை கிலோ. அதிலும் பெரும்பகுதி உடம்புக்குள் இருந்தே ஆகவேண்டியது.

"ஒரு கிலோ கொழுப்பு எறங்கலாம் அத்தான். மிச்சம் ரெண்டும் தண்ணியும் சதையுந்தான். அது போனா ஆட முடியாது."

"எது போனா என்ன? தராசுக்குத் தெரியவா போவுது?"



தினமும் லோடு முடிந்து வந்ததும், அவருடைய அப்பா ராத்திரி ஆட்டுக்கிடைக் காவலுக்குப் போகும்போது போர்த்துகிற ஆட்டுமயிர்க் கம்பளியைச் சுற்றிக்கொண்டு தரிசில் ஓடுவார். கரிசல் வெடித்துக் கிடக்கும். கட்டி மேல் கால் வைத்தால் கணுக்கால் மடங்கும். கம்பளி இல்லாமல் பின்னால் ஓடிய எனக்கே மூச்சு முட்டியது. தண்ணீரைக் குறைத்தார், சோற்றை நிறுத்தினார், காலையில் அரை டம்ளர் கம்பங்கஞ்சி. தராசு இறங்கியது. கேலிப்பர் முள் முதல் வாரம் கொஞ்சம் நகர்ந்து, பிறகு அங்கேயே நின்றுவிட்டது. தொடையைச் சுற்றிய டேப்தான் ஒவ்வொரு தடவையும் இளகிக்கொண்டு வந்தது. சதை போகிறது என்று சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். பேசுவதற்கும் சத்து வேண்டியிருந்தது போல.

"கிள்ளிக் கிள்ளிப் பாக்கியே, ஒருவாய் சோறு திங்கச் சொல்ல ஒன் படிப்புல எடமில்லியா?" என்றாள் அக்கா.

"சொல்லிட்டேங்கா. கேக்க மாட்டேங்காவ."

போட்டி அன்று பருத்திக் கடையிலிருந்து தராசைக் கொண்டுவந்து பந்தலுக்குள் போட்டிருந்தார்கள். அத்தான் டவுசரோடு ஏறினார். ஐம்பத்தைந்தில் நிறுத்தியிருந்த தராசுத் தண்டு இறங்கவில்லை.

"கொஞ்சூண்டு கூட நிக்குது அண்ணாச்சி. வெளிய போய் நல்லாத் துப்பிட்டு வாங்க" என்றார் எடை பார்த்தவர்.

போய்த் துப்பிப் பார்த்தார். வாயில் எச்சிலே இல்லை. குனிந்து இடுப்பைப் பார்த்தார். எங்கள் பக்கம் ஆம்பளைக்கு அரைஞாண் கயிற்றை அறுத்து எடுப்பது பிணத்தைக் குளிப்பாட்டும்போதுதான். யாரிடமோ பிளேடு வாங்கி அறுத்து, தாயத்தோடு என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினார். தண்டு மெதுவாக இறங்கிச் சமமாக நின்றது.

முதல் இரண்டு தடவை பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டு வந்தார். நாற்காலியில் இருந்த மில்காரர் பக்கத்து ஆளிடம் என்னமோ கேட்டார்.  மூன்றாவது தடவை எதிர்க்கட்டத்தின் நடுவில் போய் நிற்கும்போது பாட்டு இழுத்தது. "கபடி" என்று வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. யாரும் அவரைத் தொடக்கூட இல்லை. பாட்டு நின்றால் ஆள் அவுட், விசில் ஊதிவிட்டார்கள்.

"ஏலே, தொண்டையவும் வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்துட்டாருலே!" என்று எதிர் டீம் பையன் ஒருவன் கத்த, பந்தலே சிரித்தது.

அதற்குப் பிறகு அத்தான் கட்டத்தின் ஓரத்தில்தான் நின்றார். மில்காரர் எதிர் டீமிலிருந்தே இரண்டு பேரை எடுத்துக்கொண்டார்.

பொழுது அடைய வீட்டுக்கு வந்தோம். அத்தான் தொட்டியடியில் குத்தவைத்து மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். துண்டு கொண்டுபோன அக்கா அவர் இடுப்பைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"கயிறு எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து நான்தான் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். அறுந்த இரண்டு நுனியையும் சேர்த்து அவர் இடுப்பில் கட்டிப் பார்த்தாள். இடுப்பெலும்புக்குக் கீழே நழுவியது. அவிழ்த்து, இரண்டு விரல்கடை உள்ளே தள்ளி, இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"ஓட்டப்பிடாரம் பக்கம் அறுவது கிலோ ஆட்டம் ஒண்ணு இருக்காம் மாப்ள" என்றார் அத்தான், குரல் இன்னும் கரகரத்தது. "அதுக்கு எறக்க வேண்டாம்லா. ஏத்தணும். எங்கன ஏத்தலாம்னு பாரு."

"மொதல்ல சோத்தத் தின்னுங்க" என்றாள் அக்கா.

நாலு வாய் சாப்பிட்டிருப்பார். காலையில் லோடு இருக்கிறது, முதல் பஸ்ஸுக்கு எழுப்பிவிடு என்று அவளிடம் சொல்லிக்கொண்டே, கையைக்கூடக் கழுவாமல் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார்.