பேக்கனுக்கு அடியில் கிடந்த பதிவு

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்வீட்டுக்குப் பதினேழு படிகள். ஒன்பதாவது படியில் ஒரு திருப்பமும் வேறொரு குடும்பத்தின் கதவும் இருந்தன. சோதனைக்கு வரும் ஆமிக்காரரின் சப்பாத்துச் சத்தம் ஒன்பதில் நின்றால் அவர்களிடம் வந்திருக்கிறார்கள். பத்தாவது படி மிதிபட்டால் எங்களிடம். யுத்தகாலத்தில் அந்தப் படிகளை எண்ணாமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை.

வீட்டில் மூன்று பேர்: நான், என் கணவர், யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று கிழமைக்கு முன் வந்து சேர்ந்த அவருடைய தங்கை, என் மச்சாள். கனடாவில் இருந்த மாப்பிள்ளையிடம் போவதற்காக, அடுத்து வரவிருந்த செவ்வாய்க்கிழமை தூதரகத்தில் அவளுக்கு நேர்முகம் இருந்தது. அதுவரை அவளைக் கொழும்பில் காப்பாற்றியது ஒரே ஒரு தாள்: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸ் எழுதித் தரும் பதிவு. அதில் எங்கள் இருவரின் பெயரும் தட்டச்சில் இருந்தன. அவளுடைய பெயரைப் பிறகு பொலிஸ்காரர் பேனையால் சேர்த்து, பக்கத்தில் முத்திரை குத்தியிருந்தார். அந்தத் தாள் இல்லாமல் பிடிபட்டால் கூட்டிக்கொண்டு போவார்கள். போனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

சோதனைச் சாவடிகளில் விரித்து மடித்து அந்தத் தாளின் நடு மடிப்புக் கிழிந்துபோயிருந்தது. சனிக்கிழமை மாலை பின்பக்கத்தில் மெல்லிய கடதாசித் துண்டு வைத்துப் பசையால் ஒட்டினேன். சுருங்காமல் காய வேண்டும் என்று இரண்டு பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, குசினியில் அடுப்புப் பக்கத்து மேடையில், பழைய பேப்பர் அடுக்குக்கு மேலே போட்டு, சீனி டின்னைப் பாரமாக வைத்தேன். எங்கள் வீட்டில் ஈரம் ஏறாத இடம் அதுதான். எல்லாவற்றையும் யோசித்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

என் கணவர் கொச்சிக்கடைப் பக்கத்தில், கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் ஒரு கம்பனியில் வேலை செய்தார். ஒரு கப்பல் எடுக்காமல் விட்டுப்போன பேக்கன், உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுகள், ஒரு பக்கெட் அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தது. முந்திய தடவை தாச்சியைக் கொதிக்க வைத்துப் பொரித்தபோது கொழுப்பு சுவரெல்லாம் பாய்ந்திருந்தது. ஆணியில் தொங்கிய கலண்டரில் மார்ச் மாதத் தாளில் பட்ட எண்ணெய் செப்டெம்பர் தாள் வரை ஊறிப்போயிற்று. சுவரைத் தேய்த்துக் கழுவ எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

ஆகவே ஞாயிறு காலை பூசையால் வந்ததும் மச்சாளுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தேன். தாச்சி குளிராக இருக்கும்போதே துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் அடுக்க வேண்டும். இரண்டு கரண்டி தண்ணீர். நெருப்பு மிகக் குறைவு. தண்ணீர் வற்றுவதற்குள் கொழுப்பு மெதுவாக உருகிவிடும், வெடிக்காது. உருகியதை வெறும் பால்மா டின்னில் ஊற்றிவிட்டு, துண்டுகளைப் பேப்பரில் வடியப் போட வேண்டும்.

"இவ அடுப்புக்கும் அடையாள அட்டை எடுத்துக் குடுப்பா," என்றார் கணவர், வாசலில் நின்று.

"நீங்கள் சும்மா இருங்கோ. சுவரைக் கழுவினது நீங்களே?"

"அண்ணா, அண்ணி சொல்றது சரிதான்," என்றாள் மச்சாள். "பாருங்கோ, ஒரு சொட்டும் தெறிக்கேல்லை."

நான் உடுப்புக் காயப்போட்டுவிட்டு வந்தபோது ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருந்தது. சுவர் சுத்தம். அடுப்பைச் சுற்றியும் சுத்தம். மேடையில், மடித்த பேப்பரின் மேல், பத்துத் துண்டு பேக்கன் நேர்கோட்டில் கிடந்தது. "கெட்டிக்காரி," என்றேன்.

அப்போதுதான் சப்பாத்துச் சத்தம். ஏழு, எட்டு, ஒன்பது. பத்து.

ஒரு பொலிஸ் சார்ஜனும் இரண்டு ஆமிக்காரரும். அடையாள அட்டைகளைக் கொடுத்தோம். சார்ஜன் மச்சாளின் அட்டையில் யாழ்ப்பாண விலாசத்தைப் பார்த்துவிட்டுப் பதிவைக் கேட்டார். அலுமாரியைத் திறந்து பைலை எடுத்தேன். பைல் வெறுமையாக இருந்தது. சீனி டின் நினைவுக்கு வந்தது. குசினியை எட்டிப் பார்த்தேன். சீனி டின் மேடையின் மற்ற மூலையில், துடைத்து, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

பேக்கன் துண்டுகளைக் கையாலேயே அள்ளி மேசையில் போட்டேன். மேல் பேப்பரைப் பிரித்தேன். நடுவில் பதிவு, எண்ணெய்க் கடதாசி மாதிரி, அடியில் இருந்த செய்தி தெரியும் அளவுக்கு. தட்டச்சு எழுத்து அப்படியே நின்றது. பேனை மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. மூன்றாவது பெயர் இருந்த இடத்தில் பெயர் இல்லை. முத்திரையும் ஊதாக் கறையாகிவிட்டிருந்தது.

"மே மொகத்த, நோனா?" சார்ஜன் அதை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கிக் கேட்டார், இது என்ன என்று.

அலுவலகத்தில் நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறவள் நான். அந்த நேரம் எண்ணெய்க்குக்கூடச் சொல் வரவில்லை. "பேக்கன்," என்றேன். ஆமிக்காரர்களில் ஒருவர் சிரித்தார். சார்ஜன் சிரிக்கவில்லை. மச்சாளைக் காட்டி, ஸ்டேசனுக்கு வரட்டும் என்றார்.

அவள் செருப்புப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அண்ணி, நான் என்ன பிழை செய்தனான்?"

"நீ ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை. நான்தான்."

அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தும் ஓடியும் போனோம். ஒன்பது இருபதிலிருந்து ஸ்டேசன் வாசலில் போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். என் விரல்களில் கொழுப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. அதைக் கழுவ எழுந்து போகவும் பயம், அந்த நேரம் பார்த்து அவளை வேறெங்காவது ஏற்றிவிடுவார்களோ என்று.

"குசினியில ஆரும் பொலிஸ் பதிவு வைப்பினமோ?" என்றார் கணவர், நிலத்தைப் பார்த்து. பின்னர், "அவளுக்கு முதல் நான் கண்டிருந்தாலும் பேப்பர் எண்டுதான் எடுத்திருப்பன்," என்றார். அதற்குப் பிறகு அவர் இதைப் பற்றிக் கதைத்ததில்லை.

பன்னிரண்டரைக்குப் பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். மச்சாள் சுவரோரம் நின்றாள். அழவில்லை. ஒரு வயதான பொலிஸ்காரர் பெரிய பதிவுப் புத்தகத்தைத் திறந்து விரலை மெதுவாகக் கீழே இறக்கினார். விரல் ஒரு வரியில் நின்றது. பெயரை வாசித்தார். அவளுடைய பெயர்தான்.

சார்ஜன் எங்கள் தாளில் அதே இடத்தில் பெயரைத் திரும்ப எழுதப் பேனையை வைத்தார். மை பிடிக்கவில்லை. பேனையை உதறினார். வேறொரு பேனை எடுத்தார். அதுவும் வழுக்கியது.

"தெல்!" என்றார் கோபமாக. எண்ணெய். காலையில் எனக்கு வராத சொல்.

இன்று ஞாயிறு, புதுப் படிவம் தருகிறவர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி எண்ணெய்த் தாளை என்னிடமே தள்ளிவிட்டார். அவள் போகலாம் என்றார். கையில் எதுவும் தரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. நான் ஒரு பக்கமும் என் கணவர் மறுபக்கமுமாக அவளை நடுவில் விட்டு நடந்தோம். சாவடியில் அந்த நேரம் ஒரு லொறியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வீட்டில் பேக்கன் வெறும் மேசையில் கிடந்தது, சுற்றிலும் உறைந்த கொழுப்போடு. மச்சாள் துணி எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

"சுவர் மட்டும் சுத்தம், அண்ணி," என்றாள். சிரிக்கப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்குப் புதுப் பதிவு கிடைத்தது, மூன்று பெயரும் தட்டச்சில். அந்த இருபத்தொரு மணித்தியாலத்தில் இரண்டு தடவை படியில் சப்பாத்துக் கேட்டது. இரண்டும் ஒன்பதில் நின்றன. அவள் செவ்வாய்க்கிழமை நேர்முகத்துக்குப் போனாள். நான்கு மாதத்தில் கனடாவுக்கும் போனாள்.

இப்போதும் பேக்கனைக் குளிர்ந்த தாச்சியில்தான் வைக்கிறேன். வடிய விடுவது இடியப்பத் தட்டில். அடியில் ஒரு பீங்கான். அடுப்பு இருக்கும் அறையில் கடதாசி எதுவும் வைப்பதில்லை.

பழைய பதிவை, பாதி எழுதியிருந்த அன்றைய நாட்குறிப்புப் பக்கத்தில் வைத்தேன். அது என் இன்னொரு பிழை. கொழுப்பு முன்னும் பின்னும் ஊறி, அந்தக் கிழமையின் பக்கங்களில் பேனை பிடிக்காமல் போயிற்று. ஞாயிறுப் பக்கத்தில் ஒன்பதுக்குப் பத்து என்பது வரைக்கும்தான் எழுத்து இருக்கிறது. மிச்சத்தை இங்கே எழுதியிருக்கிறேன்.