வேலை வருகிற குழாய்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் கணவர் அடிக்கடி சொல்வார். புது வீட்டில் கேபிள் இழுத்த அன்று அது மூக்கையும் தாண்டிப் போய்விட்டது.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். வெளிநாட்டு நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். நோயாளிகளின் விவரம் என்பதால் வைஃபை கூடாது, கேபிள்தான் என்பது கம்பெனியின் சட்டம். ஆட்டையாம்பட்டிப் பக்கம் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் கேபிள் தென்னை மரங்களை ஒட்டி வெளிச்சுவரில் வந்தது. அணில் அதை இரண்டு முறை கடித்துத் துண்டாக்கியது. இன்னொரு தடவை லைன் போனால் சென்னை அலுவலகத்துக்கே வந்துவிட வேண்டும் என்று மேலாளர் கடிதம் அனுப்பிவிட்டார். மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. வேலையை விடவும் மனமில்லை.

அதனால் புது வீட்டில் கேபிள் வெளியே தலைகாட்டவே கூடாது என்று முடிவு செய்தேன். கட்டம் போட்ட நோட்டில் நானே வரைந்தேன். தெருவிலிருந்து மண்ணுக்கடியில் ஹாலுக்கு ஒரு குழாய். மற்றவர்களுக்கான வைஃபை பெட்டி ஹாலின் நடுச்சுவரில், எல்லா அறைக்கும் சிக்னல் எட்டும்படி. அங்கிருந்து மாடியில் என் அறைக்கு, கரண்டு வயர் போகாத தனிக் குழாய், கூரை கான்கிரீட்டுக்குள் புதைந்தபடி. பெட்டியைப் பீரோவுக்குப் பின்னால் மறைத்துவிடலாம், பார்க்க அழகாக இருக்கும் என்றார் கணவர். இரும்பு பீரோ சிக்னலை விழுங்கிவிடும், அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவரோடு இரண்டு நாள் மல்லுக்கு நின்றேன்.

கூரை கான்கிரீட் போட்ட காலையில், பலகைகளின் மேல் நின்று எலக்ட்ரீஷியனோடு ஒவ்வொரு குழாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் பூஜைத் தட்டோடு மேலே வந்தார். தனியாக நிமிர்ந்து நின்ற என் குழாயைக் காட்டி, இதில் என்ன வரும் என்று கேட்டார். கீழே கலவை மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

“எம்பட வேலையே இதுலதானுங்க அத்தை வருது” என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் வேலை பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று கல்யாணமானதிலிருந்தே எனக்கு ஓர் எண்ணம். அவர் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதுமில்லை.

வீடு முடிந்து வெள்ளையடித்தாகிவிட்டது. புதுமனை புகுவிழாவுக்கு ஆறு நாள். வாடகை வீட்டுக்கு வேறு ஆள் வருவதாகப் பேசி முடித்துவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை எலக்ட்ரீஷியன் கேபிள் இழுக்க வந்தார். கேபிளைக் கட்டி இழுக்கிற எஃகு ஸ்பிரிங்கைக் கீழிருந்து விட்டார். கூரைக்குள் ஒரு முழம் போய் நின்றது. மாடிக்குப் போய் மேலிருந்து விட்டார். அதுவும் நின்றது. திருகினார், குத்தினார், எண்ணெய் தடவி விட்டுப் பார்த்தார். அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. சென்னை, ஹாஸ்டல், போனில் அழுகிற மகள் எல்லாம் கண்முன் வந்து நின்றன.

குழாய் வாயை மூடாமல் விட்டிருக்கிறீர்கள், கலவை உள்ளே இறங்கிவிட்டது என்று கத்தினேன். சிமெண்ட் மூட்டைக் காகிதம் சுற்றி டேப் ஒட்டியதாக அவர் சொன்னார். பொய் என்றேன். பெயிண்டர்கள் தூரிகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெளிச்சுவர் வழியாக இழுத்துக்கொள்ளலாமே என்று கணவர் மெல்லச் சொன்னார். அணிலிடம் நீங்கள் போய்ப் பேசுவீர்களா என்று அவர் மேலும் பாய்ந்தேன்.

எலக்ட்ரீஷியன் வயதில் பெரியவர். குரலை உயர்த்தவில்லை.

“இத்தன வருசத்துல ஒரு குழா வாயக்கூட நா மூடாம உட்டதில்லீங்க அம்மணி.”

போவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை, ஸ்பிரிங்கின் நுனியைக் கொக்கிபோல் வளைத்துக் கீழிருந்து விட்டு, முறுக்கி இழுத்தார். மஞ்சள் துணியின் கிழிசல் ஒன்று வந்தது. அதோடு கறுத்துப்போன நாலைந்து பச்சைப்பயறும், கொஞ்சம் எள்ளும்.

டீ டம்ளர்களோடு வாசலில் நின்ற மாமியார்தான் வாயைத் திறந்தார்.

“நாந்தான் சாமி போட்டேன். வாசல் நெலவு வெக்கையில நவதானியம் முடிஞ்சு போட்டமில்ல, அதாட்டம். உம்பட வேலை இதுலதான் வருதுன்னு சொன்னீல்ல. அது நெலச்சு நிக்கோணும்னு மூடியத் தொறந்து போட்டுட்டு, மறுக்கா மூடிப்போட்டேன்.”

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

உள்ளே சிக்கிய முடிச்சை எடுக்க ஹால் கூரையை உடைக்க வேண்டும். குடிபோகாத வீடு, அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. வெள்ளிக்கிழமைகளில் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட விடாதவர் மாமியார். கணவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“ஒடச்சுப்போட்டு எடுங்க” என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டு, டீயை அவர் கையில் கொடுத்தார் மாமியார்.

சுத்தியலை எடுக்குமுன் எலக்ட்ரீஷியனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் இறங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். உளி விழுந்த ஒவ்வொரு தடவையும் மாமியார் கண்ணை மூடித் திறந்தார். முடிச்சு வந்தது, கேபிள் ஏறியது. சாயங்காலமே மாடியில் மடிக்கணினியைச் செருகிக் கம்பெனியின் சோதனையை ஓட்டினேன். தேறிவிட்டது.

உடைத்த இடத்தைப் பூசி வர்ணம் அடித்தும் நிறம் சேரவில்லை. விழா அன்று உறவுக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, புது வீட்டுக் கூரையில் அதற்குள் ஒட்டுப் போட்டாயிற்றா என்று கேட்டார். பொய் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த என்னை மாமியார் முந்திக்கொண்டார்.

“எம்பட மருமக வேலைக்குப் போற வழிங்க அது” என்றவர், அவரைப் பந்தியில் உட்காரச் சொல்லி இலை போட்டார்.