குபானிக் கொட்டை

அடுப்படியில் மருமகள் குழவியால் குபானிக் கொட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் என்னை நான் சிறுவனாக வளர்ந்த லோத்குண்டா வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

எங்கள் ஹைதராபாத்தில் ஆப்ரிகாட் மரம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பழத்தை உலர்ந்ததாக வாங்கி வேகவைத்துச் செய்கிற குபானி மீட்டா என்ற இனிப்பு இல்லாமல் இங்கே விருந்து கிடையாது. அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு அம்மா முதல்முறையாக அதைச் செய்தாள். மாப்பிள்ளை வீட்டார் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது, நாங்கள் காலா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"கொட்டை எங்கே, மேரி?"

"குப்பையில போட்டுட்டேன் காலா."

"அரே, கைக்கு? ஏன் போட்டே? உள்ளே பருப்பு இருக்கு! அதை மேலே போடலேன்னா மீட்டாவே இல்லே!"

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்ற நான்தான் குப்பையைக் கிளறினேன். கொட்டைகளைக் கழுவி, அப்பாவின் சுத்தியலை எடுத்தேன். ஓங்கி அடித்தால் பருப்பு நசுங்கும், விளிம்பில் தட்டினால் முழுசாக வரும். மூன்றாவது கொட்டையிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது.

"பருப்பு ஒண்ணுகூட உடையலையே, யார் எடுத்தது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

"என் பையன்" என்றாள் அம்மா. என்னைக் காட்டி அவள் பெருமைப்பட்டது அன்றுதான். மல்லாபூரில் இன்று என் பெயரில் ஓடும் மூன்று பட்டறைகளும் அந்தச் சுத்தியலில் தொடங்கியவை. எந்தக் காலேஜும் இதைச் சொல்லித்தராது.

"தள்ளும்மா" என்று மருமகளிடம் குழவியை வாங்கி ஒரு தட்டு தட்டினேன். பருப்பு தூளாகிவிட்டது. அவள் திரும்புவதற்குள் அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

"முழுசா வந்துச்சா மாமா?"

வாயில் பருப்புத் தூளோடு, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.