கேட்டில் நிறுத்திய விறகு லோரி

ரிங்லெட் என்ற மலை ஊருக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சேஃப்டி ஆபீசராகச் சேர்ந்த முதல் வாரமே, பேக்டரிக்கு வந்த விறகு லோரியைக் கேட்டில் நிறுத்தினேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் சட்டங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

எங்கள் பேக்டரியில் டிரையருக்கு விறகுதான் சூடு கொடுத்தது. காலையில் உள்ளே நுழையும்போதே விறகுப் புகையும் கொழுந்து வாசமும் பனியோடு கலந்து மூக்கில் ஏறும். ஓய்வுபெற்ற பிறகும் அந்த வாசத்துக்காகவே மேலே போய்வரத் தோன்றும். கேட்டிலிருந்து பேக்டரிக்கு ரோடு செங்குத்தாக இறங்கும். பாதி இறக்கத்தில் ஒரு வளைவு. அதை ஒட்டித் தொழிலாளர் லைன் வீடுகளும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையும் இருந்தன.

அன்று லோரி ஓட்டி வந்தவர் மணி அண்ணன். விறகு சப்ளையரிடம் பல வருட டிரைவர். பிரேக்கை மிதித்த பிறகும் லோரி மெல்ல முன்னால் நகர்ந்ததைப் பார்த்தேன்.

"பிரேக் எப்படிண்ணே?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கேட்டைக் காக்கும் ஜாகா தள்ளி நின்றார்.

"சரியா பிடிக்கல மேடம். எங்க முதலாளி தவுக்கேகிட்ட சொல்லிட்டேன், அடுத்த மாசம் பாக்கலாம்னுட்டாரு. நான் ஓட்ட மாட்டேன்னா வேற ஆள வச்சிக்குவாரு. நீங்களே நிப்பாட்டிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க லா."

"லோரி உள்ள போகக்கூடாது" என்று ஜாகாவிடம் சத்தமாகச் சொன்னேன்.

மணி அண்ணன் அதைவிடச் சத்தமாக, "என்னா மேடம் இது, காலங்காத்தால!" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது.

மேனேஜர் சந்திரன் மோட்டார் சைக்கிளில் மேலே ஏறி வந்தார்.

"டிரையர் அணைஞ்சா உருட்டி வச்ச கொழுந்து பூரா புளிச்சிடும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"இது கான்ட்ராக்ட் லோரி. நம்ம லோரி இல்ல. அதுக்கு சப்ளையர்தான் பொறுப்பு."

"லோரி அவருது சார். வளைவுல இருக்கிற பிள்ளைங்க நம்ம பிள்ளைங்க."

அவர் சப்ளையருக்குப் போன் போட்டார். ராமு தவுக்கே ரிங்லெட்டிலிருந்து தன் கெரெத்தாவை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"எத்தன வருசமா விறகு போடறேன் துரை! ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்ல. பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. நேத்து வந்த பொண்ணு பேச்சைக் கேக்கறீங்களே!"

சந்திரன் சார் இறக்கத்தைப் பார்த்தார். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகள் போட்ட கூச்சல் கேட் வரை கேட்டது.

"சரி ராமு. மணி வேணாம். நீங்க ஏறி ஓட்டிட்டுப் போங்க. நான் விட்டுடறேன்."

தவுக்கே லோரிக் கதவில் கையை வைத்தார். கீழே எட்டிப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"மணி, கட்டைய இங்கயே இறக்கு."

தோட்டத்து டிராக்டரில் கொஞ்சம் கொஞ்சமாக விறகை இறக்கினோம். கொழுந்து வெட்டும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு வங்காளதேசத்து ஆட்கள் வந்தார்கள். கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி வந்தார். சந்திரன் சாரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கட்டை தூக்கினார். அப்படியும் டிரையருக்குச் சூடு தாமதமாகத்தான் ஏறியது. ஒரு பேட்ச் கெட்டுப்போனது. அதைக் கொட்டும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் லைனிங் தேய்ந்து இரும்பு தெரிந்தது. உள்ளே எண்ணெய்க் கசிவு வேறு. சந்திரன் சார் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து எந்த சப்ளையர் லோரியா இருந்தாலும் கேட்ல பிரேக் பாத்துட்டுத்தான் உள்ள விடணும். கான்ட்ராக்ட்லயும் போட்டுடுங்க" என்றார்.

மணி அண்ணன் வண்டி ஓட்டுவதை நிறுத்தும்வரை எங்கள் தோட்டத்துக்கு வந்தார். தவுக்கே கூட இருந்தால், "இந்த மேடம் பெரிய ரோதன லா!" என்று ஊருக்கே கேட்கச் சொல்வார். தனியாக வந்தால் டயர், லைட், ஹாரன் என்று எது கெட்டிருந்தாலும் மெதுவாகச் சொல்லிவிடுவார். அவர் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சப்ளையர் காட்டும் பேப்பரைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டிரைவரையும் தனியாகக் கேளுங்கள். "முடியாது" என்று சொன்னால் பிழைப்பே போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. அவர்களுக்காக அந்தச் சொல்லைச் சொல்வதற்குத்தான் நமக்குச் சம்பளம்.